ஈரோட்டு அச்சுப் பெட்டியில இருந்து இலவச லேப்டாப் வரைக்கும்

இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமான வரலாறு. ராஜா, போர், கோட்டை எதுவும் கிடையாது. ஒரு லேப்டாப், அதுல ஒரு தமிழ்ப் புத்தகம், அவ்வளவுதான்.

2012-ல என் சித்தி பொண்ணு கோபி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில ப்ளஸ் டூ படிச்சிட்டிருந்தா. அவளுக்கு அரசாங்க லேப்டாப் வந்துச்சு. லீவுக்கு ஊருக்குப் போனப்ப, யாரோ பென்டிரைவ்ல கொடுத்த ஒரு தமிழ் நாவலோட பிடிஎஃப்பைத் திறந்து வெச்சுட்டு முழிச்சிட்டிருந்தா. பக்கம் முழுசாத் தெரிஞ்சா எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. பெருசாக்கினா வரியோட பாதி திரைக்கு வெளிய போயிடுது. ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் இழுத்துப் படிக்கணும். "ஏனுங்ணா, இதுக்குப் பேசாம லைப்ரரிக்கே போயிரலாமாட்ட இருக்குதுங்ணா"ன்னா. சரின்னு நான் ஒரு மின்நூல் படிக்கிற மென்பொருளை இறக்கி, தமிழ் இபப் ஒண்ணைப் போட்டேன். எழுத்துக்கு முன்னாடி வரவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னாடி போய் உட்கார்ந்திருந்துச்சு. கெ, கே, கை எல்லாமே கோணல். அன்னைக்கு மூடி வெச்ச லேப்டாப்பை அவ அப்புறம் படம் பார்க்கத்தான் திறந்தா.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் கொடுத்தாச்சு, ஆனா அதுல தாய்மொழிப் புத்தகம் ஒண்ணை நிம்மதியாப் படிக்க முடியலை. ஏன்? பதில் தேடினா, முதல்ல போக வேண்டிய இடம் ஈரோடு.

1925-ல பெரியார் ஈரோட்டுல ஆரம்பிச்ச பத்திரிகை குடி அரசு. அப்போ ஈய எழுத்துகளை ஒண்ணொண்ணாக் கையில எடுத்துக் கோத்துத்தான் அச்சடிக்கணும். தமிழ்ல எழுத்து 247-ன்னு சொல்றோம். அத்தனைக்கும் தனி அச்சு இல்லைன்னாலும், வழக்கமான வடிவத்துக்குள்ள அடங்காத சிலது இருந்துச்சு. ணை, லை, ளை, னை நாலுக்கும் மேல யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. ணா, றா, னா மூணும் கால் தனியா இல்லாம வளைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த மூணோட ஒகர, ஓகார வரிசையையும் சேர்த்தா மொத்தம் 13. பழைய புத்தகம் எடுத்த எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கும். 1935-ல குடி அரசுல பெரியார் இந்த 13-ஐயும் மத்த எழுத்து மாதிரியே எழுத ஆரம்பிச்சார். படிக்க சுலபம், அச்சுக்கோக்க சுலபம், தட்டச்சுக்கும் சுலபம்ங்கிறதுதான் அவரோட வாதம். அரசாங்கம் ஏத்துக்க 43 வருஷம் ஆச்சு. 1978 அக்டோபர்ல எம்ஜிஆர் ஆட்சி ஆணை போட்டுச்சு. இன்னைக்கு உங்க போன்ல 'லை'ன்னு தட்டினா வர்ற வடிவம் அங்க இருந்து வந்ததுதான்.

இதை ஏன் சொல்றேன்னா, இயந்திரத்துக்குள்ள தமிழை எப்படி அடக்குறதுங்கிற கேள்வி கம்ப்யூட்டரோட பிறக்கலை. அச்சுப் பெட்டி காலத்துலயே பிறந்திருச்சு.

கம்ப்யூட்டர் வந்தப்ப அதே கேள்வி வேற ரூபத்துல வந்துச்சு. 1990-கள்ல ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. ஆங்கில விசைகளுக்குப் பின்னாடி தமிழ் வடிவத்தை ஒளிச்சு வெச்சாங்க. பாமினி எழுத்துருவுல 'எம்' விசையைத் தட்டினா 'அ' தெரியும். ஆனா கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இன்னமும் 'எம்'தான். அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல திறந்தா முழுக்க ஆங்கிலக் குப்பை. தேடினா கிடைக்காது. காப்பி பண்ணினா உடைஞ்சிரும். 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்கு அப்புறம் விசைப்பலகைக்கு ஒரு தரம் வந்துச்சு. குறியாக்கத்துக்கும் டாம், டாப்னு ரெண்டு தரம் அறிவிச்சாங்க. இணையத்துல இருந்தவங்க பக்கம் டிஸ்கின்னு இன்னொண்ணு. யாரும் யாரோடயும் ஒத்துப்போகலை.

இதுக்கு நடுவுல 1998 பொங்கல் அன்னைக்கு 'மதுரைத் திட்டம்' ஆரம்பிச்சாங்க. சுவிட்சர்லாந்துல இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைச்சார். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்துல இருந்து கையால தட்டச்சு பண்ணி இலவசமாப் போட்டாங்க. ஒரே புத்தகத்தை முதல்ல ஒரு குறியாக்கத்துல போட்டு, அப்புறம் டிஸ்கிக்கு மாத்தி, அப்புறம் யூனிகோடுக்கு மாத்தி... எவ்வளவு பொறுமை வேணும், யோசிச்சுப் பாருங்க.

யூனிகோடுல தமிழ் 1991-ல வந்த முதல் பதிப்புலயே இருந்துச்சு. ஆனா நம்ம ஆளுங்களுக்கு அது மேல ஒரு மனக்குறை. 247 எழுத்துக்கும் தனி இடம் தராம உயிர், மெய் வரிசை, கொம்பு, கால் மட்டும் கொடுத்திருக்காங்க. 'கெ'ன்னா உள்ள 'க' முதல்ல, கொம்பு ரெண்டாவது. கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னாடி வரணும். 'கொ'ன்னா ரெண்டு பக்கமும் வரணும். இந்த இடமாத்தத்தை மென்பொருள்தான் பண்ணணும். அதைப் பண்ணத் தெரியாத மென்பொருள்ல என்ன ஆகும்? அன்னைக்கு கோபியில நான் பார்த்த கோணல்தான் ஆகும். குத்தம் எழுத்துருவுலயும் இல்லை, புத்தகத்துலயும் இல்லை. நடுவுல நின்ன படிப்பானுக்குத் தமிழ் தெரியலை.

இப்ப கோயம்புத்தூருக்கு வாங்க. 2010 ஜூன் 23 முதல் 27 வரைக்கும் கொடிசியாவுல உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. அந்த வாரம் அவிநாசி ரோடு எப்படி இருந்துச்சுன்னு உங்க வீட்டுல கேளுங்க, கதை கதையாச் சொல்லுவாங்க. ஊர்வலம், அலங்கார வண்டி, கூட்டம். அது கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்துச்சு. அதைப் பெருசா யாரும் ஞாபகம் வெச்சுக்கலை. ஆனா ஜூன் 23 தேதியிட்ட ஒரு அரசாணை இருக்கு. இனி அரசாங்கத்துல தமிழுக்கு யூனிகோட், அது வேலை செய்யாத இடத்துல டேஸ் 16-ன்னு சொல்லுச்சு. டேஸ்ங்கிறது எல்லா எழுத்துக்கும் தனி இடம் கொடுக்குற முறை. அச்சுத் தொழில்காரங்களுக்கு அதுல வசதி. ஆனா புழக்கத்துல ஜெயிச்சது யூனிகோட்தான். அந்த மாநாட்டுல அறிவிச்ச செம்மொழிப் பூங்கா காந்திபுரத்துல வர 15 வருஷம் ஆச்சுங்க. அரசாணை அதே வாரம் வந்திருச்சு! ரெண்டுல எது நம்ம வாழ்க்கையை அதிகம் மாத்துச்சுன்னு கேட்டா, பூங்காவுல நடக்கிறவங்க கோச்சுக்கக் கூடாது, நான் ஆணையைத்தான் சொல்லுவேன்.

அடுத்த வருஷமே ஆட்சி மாறுச்சு. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க. கொள்முதல் பொறுப்பு எல்காட்டுக்கு. முதல் வருஷத்துக்கு 9 லட்சத்துக்கு மேல, அஞ்சு வருஷத்துல 68 லட்சம்னு இலக்கு. விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம். கொரோனாவோட விநியோகம் நின்னப்ப 50 லட்சத்தைத் தாண்டியிருந்துச்சு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு கம்ப்யூட்டர் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை. 'வித்துட்டாங்க, படம் பார்த்தாங்க'ன்னு கிண்டல் பண்றவங்க, படிக்கிறதுக்கு அதுல என்ன இருந்துச்சுன்னும் கேட்டிருக்கணும்.

ஏன்னா அதே காலத்துல வேற இடத்துல அந்தக் கேள்வியில இருந்தே ஆரம்பிச்சாங்க. 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்'னு அமெரிக்காவுல கிளம்பின திட்டம், ஓஎல்பிசி. 100 டாலர் லேப்டாப்னு பேரு. கடைசியில விலை அதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிருச்சு. நம்ம மத்திய கல்வித் துறை 2006-ல வேண்டாம்னு சொல்லிருச்சு. 2007-ல மகாராஷ்டிராவுல கைராத்ங்கிற கிராமத்துப் பள்ளியில சின்னதா முயற்சி பண்ணினாங்க. அந்தத் திட்டம் நினைச்ச அளவு ஜெயிக்கலை. ஆனா அதோட எக்ஸ்ஓ மெஷினைப் புத்தகமாப் பாருங்க. 7.5 அங்குலத் திரை. பின்விளக்கை அணைச்சா வெயில்லயே கறுப்பு வெள்ளையில படிக்கலாம். திரையைத் திருப்பி மடிச்சா பலகை மாதிரி கையில நிக்கும். விசைப்பலகை மறைஞ்சிருமே, பக்கத்தை எப்படித் திருப்புறது? திரைக்குப் பக்கத்துல இருக்கிற விளையாட்டுப் பொத்தான்லயே திருப்பலாம். 'ரீட்'னு ஒரு படிப்பான். முதல்ல பிடிஎஃப் மட்டும், பிறகு திரைக்குத் தகுந்த மாதிரி வரி மடங்குற இபப், அப்புறம் சத்தமா வாசிச்சுக் காட்டுற வசதி. நினைவகம் 256 எம்பி. நம்ம லேப்டாப்ல 2 ஜிபி! எட்டு மடங்கு. பலம் இருந்துச்சுங்க. புத்தகம் படிக்கிறதுக்குன்னு யாரும் உட்கார்ந்து யோசிக்கலை.

அந்த இடத்தை நிரப்பினது ஒரு சின்னக் கூட்டம். 2013-ல த. சீனிவாசனும் நண்பர்களும் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' ஆரம்பிச்சாங்க. வலைப்பதிவு எழுதுறவங்ககிட்ட அனுமதி வாங்கி, யாரும் பகிரலாம்ங்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல மின்நூலாப் போட்டாங்க. அவங்க பண்ணின ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே நூலை இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், கூடவே 6 அங்குல பிடிஎஃப்னு கொடுத்தாங்க. 6 அங்குலம் எதுக்கு? அப்போ பல கருவிகள்ல தமிழ் இபப் உடைஞ்சுதான் வரும். பிடிஎஃப்ல எழுத்துரு உள்ளயே இருக்கிறதால உடையாது. பக்கத்தையே சின்னத் திரை அளவுக்கு வெட்டிட்டா இடம் வலம் இழுக்கவும் வேண்டாம். படிப்பானைத் திருத்த முடியலையா, புத்தகத்தைத் திருத்து! அசல் ஈரோட்டுப் புத்தி. அச்சு இயந்திரத்தை மாத்த முடியாதப்ப எழுத்தை மாத்தினார் இல்லையா, அதே வேலைதான்.

பெரிய நிறுவனம் வந்தது அதுக்குப் பின்னாடிதான். கிண்டில்ல அமேசான் தமிழ்ப் புத்தகத்தை முறையாக் கொண்டு வந்தது 2016 டிசம்பர்ல. அதே சமயத்துல தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட சேர்ந்து 2000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்குப் போச்சு. ஸ்கேன் பண்ணின படத்தைக் கூகுள் எழுத்தா மாத்தும், மனுஷங்க உட்கார்ந்து பிழை திருத்துவாங்க. இன்னைக்கும் திருத்திட்டுத்தான் இருக்காங்க. நீங்களும் கணக்கு தொடங்கி ஒரு பக்கம் திருத்தலாம், அஞ்சு நிமிஷ வேலை. இந்தக் கல்விக்கழகம் 2001-ல தமிழ் இணையப் பல்கலைக்கழகம்னு தொடங்கினப்ப தலைமை ஏத்தவர் வா. செ. குழந்தைசாமி. கரூர் பக்கம் வாங்கலாம்பாளையத்துக்காரர். உகர, ஊகார எழுத்தையும் சுலபமாக்கணும்னு கடைசி வரைக்கும் வாதாடினவர். அதுக்குப் பெரிய எதிர்ப்பு, நடக்கலை. ஒருவிதத்துல நல்லதுன்னுதான் எனக்குத் தோணுது. மென்பொருள் அந்தச் சுமையைத் தூக்கப் பழகிருச்சு.

என் தங்கச்சியோட அந்த லேப்டாப் இன்னமும் சித்தி வீட்டு அலமாரியில இருக்கு. பேட்டரி செத்துருச்சு, சார்ஜர்ல போட்டா ஓடுது. போன பொங்கலுக்கு அதுல ஒரு இலகுவான லினக்ஸைப் போட்டு, விக்கிமூலத்துல இருந்து ஒரு இபப்பை இறக்கித் திறந்தேன். கொம்பு அதோட இடத்துல இருந்துச்சு. எழுத்தைப் பெருசாக்கினேன், வரி தானா மடங்குச்சு. சித்தி கண்ணாடியைத் தேடாம ரெண்டு பக்கம் படிச்சுட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசாக்கு சாமி"ன்னாங்க.