சாக்கடையில் விளைந்த பசும்புல்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், பழைய பட்டணத்தின் அடுக்குமாடி வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த ஜனங்கள், இரவு பத்து மணியானதும் ஜன்னலைத் திறந்து, 'கார்டிலூ' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, அன்றைய அசுத்தத்தையெல்லாம் தெருவில் கொட்டினார்கள் என்பது, பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே போய்வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதிவைத்த விஷயம். 'தண்ணீர், ஜாக்கிரதை' என்ற பொருளுள்ள பிரெஞ்சு வார்த்தையின் சிதைவு அது என்பார்கள். கொட்டியது தண்ணீர்தானா என்று விசாரிப்பது மரியாதையாகாது. எருவாக வண்டியேறிப் போனது போக மிஞ்சிய கழிவு, சரிவோடு இறங்கி, ஹோலிரூட் அரண்மனைப் பக்கமாகச் சென்ற ஓர் ஓடையில் கலந்து, கிழக்கே கடலை நோக்கி ஓடிற்று. ஊரார் அதற்கு இட்ட பெயர் 'ஃபௌல் பர்ன்', அதாவது நாற்றவோடை.

நகரத்துக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கிரெய்கென்டின்னிப் பிரதேசத்தில் இந்த ஓடையை மறித்துப் புல்லுக்குப் பாய்ச்சும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஓடைநீரைக் குட்டைகளில் சற்றே தேக்கி, அடியில் படிந்த வண்டலை எருவாக விற்றுவிட்டு, தெளிந்ததை வாய்க்கால் வழியே நடத்தி, லேசான சரிவாகத் திருத்திய பாத்திகளில் மடை மாற்றி மாற்றி விடுவார்கள். மேட்டுப் பாத்தியில் வழிந்தது பள்ளத்துப் பாத்திக்கு உதவும். ஒரு காலத்தில் அற்ப வாடகைக்கும் ஆள் கிடைக்காத கடற்கரை மணல்கூட இந்த ஜலம் பட்டதும் பச்சைப் பசேலென்று மாறி, வருஷத்தில் நான்கைந்து அறுப்புக் கொடுத்தது. வருஷந்தோறும் பாத்தி பாத்தியாக ஏலம் விடுகையில், ஏக்கருக்கு இருபது பவுன் முதல் நாற்பது பவுன் வரை கேட்கப்பட்டது.

அந்த விலையைக் கேட்டவர்கள் நகரத்துப் பால்காரர்கள். சாக்கடைப் புல் நீர் மிகுந்தது. உலர்த்தி வைக்கோலாக்க வராது. அறுத்த சூட்டிலேயே மாட்டுக்குப் போட்டாக வேண்டும். பாலின் சுபாவமும் அதுவே: ரயிலும் குளிர்ப்பெட்டியும் வருவதற்கு முன் அது வெகுதூரம் பிரயாணம் செய்யாது. ஆகவே பசுக்கள் நகரத்துக்குள்ளேயே கொட்டில்களில் கட்டுண்டு நின்றன. புல் வண்டியேறி அவற்றிடம் வந்தது. நேற்று ஜன்னல் வழியே போனது, சில வாரங்கள் கழித்துப் பால் கிண்ணத்தில் ஏறி அதே வீட்டுக்குத் திரும்பிற்று. இதை நினைத்து அருவருப்பது சுலபம். மாட்டுச் சாணத்தை வயலில் இட்டுச் சோறு உண்ணும் நமக்கோ அந்த அருவருப்புக்கு அதிக உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

உரிமை என்றதும் இந்தக் கதையின் விசித்திரமான பாகம் நினைவுக்கு வருகிறது. அரண்மனையும், பியர்ஸ்ஹில் குதிரைப்படை முகாமும் சமீபத்திலேயே இருந்தபடியால், நாற்றத்தைப் பற்றிய முறையீடு ஓயவில்லை. காலரா வந்துபோன பின் அது இன்னும் உரத்தது. ஆனால் நிலச் சொந்தக்காரர்கள், நெடுங்காலமாகத் தாங்கள் பாய்ச்சி வரும் நீரில் தங்களுக்கு அனுபோக பாத்தியதை உண்டென்று வாதாடினார்கள். யாருக்கும் வேண்டாமென்று வீசியெறிந்த பொருள், வேறொருவன் அதில் பணம் காணத் தொடங்கிய கணத்திலேயே, வீசியவன் திரும்பத் தொட முடியாத சொத்தாகிவிட்டது! லாபம் நிலக்காரனுக்கு, வாசனை அயலாருக்கு. 1842-இல் தொழிலாளர்களின் சுகாதார நிலை குறித்துத் தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்ட எட்வின் சாட்விக், நகரக் கழிவின் மதிப்புக்கு எடின்பரோவையே எடுத்துக்காட்டினார். பின்னாளில் இங்கிலாந்தில் பல ஊர்கள் சாக்கடைப் பண்ணைகளைத் தொடங்கியபோதெல்லாம் கிரெய்கென்டின்னியின் பெயர் அடிபட்டது.

அந்த நிலத்தின் அதிபரான வில்லியம் ஹென்றி மில்லர், விதை வியாபாரத்தில் பொருள் சேர்த்த குவேக்கர் குடும்பத்தில் வந்தவர். பார்லிமெண்டு அங்கத்தினராகவும் இருந்தவர். பழம் புத்தகங்களைச் சேகரிப்பதில் அவருக்குப் பித்து. ஏட்டின் ஓரம் எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறதென்று பார்க்க அளவுகோலும் கையுமாகத் திரிந்ததால் 'அளவு மில்லர்' என்றே பெயர் பெற்றார். 1848-இல் அவர் காலமானபோது, அவர் விருப்பப்படியே, சொந்த நிலத்தில் வெகு ஆழமாகக் குழி தோண்டி அடக்கம் செய்து, மேலே பெரியதொரு சமாதி எழுப்பினார்கள். புல்வெளிகள் போய், இன்று அதைச் சுற்றிலும் சிறு சிறு வீடுகள் நிற்கின்றன. சமாதியின் பக்கத்தில் ஆல்ஃப்ரெட் காட்லி செதுக்கிய சலவைக்கல் சிற்பத்தில், பார்வோனின் ரதங்களும் குதிரைகளும் செங்கடலில் மூழ்கிக்கொண்டிருக்கின்றன.