கல்கத்தாவின் கத்தோலிக்கப் பள்ளிகளும் புதிதாய் வந்த ஆசிரியர்களும்

ஆண்டுதோறும் சங்கத்து மலரில் சமணக் கல்வெட்டுகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். "இந்தத் தடவையாவது நாம பிழைக்கிற ஊரைப் பத்தி எழுதுங்களேன்" என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். நியாயமான பேச்சுதான். லேக் மார்க்கெட் பக்கம் நாற்பது வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டு வந்தவாசிக் கல்லைப் பற்றியே எழுதினால் எப்படி?

கல்கத்தாவில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, பத்தாம் வகுப்பில் எத்தனை சதவீதம் என்றெல்லாம் பேசுவோம். அங்கே புதிதாய் வேலைக்குச் சேரும் ஆசிரியரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. நானும் பேசியவனல்லன், 2013 வரை.

அந்த ஆண்டு என் மகள் நகரத்துக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வகுப்பு. திருத்த வேண்டிய நோட்டுகள் இரவு பதினொன்று வரை மேசையில் கிடக்கும். மூன்றாவது வாரம், "அப்பா, நாளைக்கு நான் போகலைப்பா. நான் பேசறதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க" என்று அழுதாள். நான் வியாபாரி. அவள் சம்பளத்தை அப்போதே மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "வேணாம்னா விட்டுடும்மா. அந்தச் சம்பளத்துக்கு நம்ம கடைக் கணக்கையே பார்க்கலாம்" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பார்வைதான் என்னைப் புத்தகங்களிடம் அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அலிப்பூர் தேசிய நூலகத்துக்குப் போவது என் பழைய வழக்கம். இந்தப் பள்ளிகளில் முதன்முதலாக வந்து நின்றவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

லொரேட்டோ சபையின் கன்னியர் அயர்லாந்திலிருந்து கப்பலேறி, நாலு மாதத்துக்கு மேல் பயணம் செய்து, 1841 டிசம்பர் கடைசியில் கல்கத்தா வந்து இறங்கினார்கள். தலைவி டெல்ஃபின் ஹார்ட் இருபதுகளில் இருந்த இளம்பெண். இறங்கிய இரண்டு வாரத்துக்குள், 1842 ஜனவரி 10 அன்று, மிடில்டன் ரோவில் பள்ளியைத் திறந்துவிட்டார்கள். புது ஊர், புது வெயில், புதுப் பிள்ளைகள். பழகிக்கொள்ள அவகாசமே இல்லை. இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற லொரேட்டோ ஹவுஸின் தொடக்கம் இதுதான்.

இதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பாதிரியார் லஃபோன் அவர்களின் கதை. நம் தமிழர்களுக்கு அதில் நேரடியான பாத்தியதை உண்டு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பெல்ஜியம் நாட்டு ஏசு சபையார் 1860இல் தொடங்கிய பள்ளிதான் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் செயின்ட் சேவியர்ஸ். அங்கே அறிவியல் கற்பிக்க 1865 டிசம்பரில் யூஜின் லஃபோன் வந்து சேர்ந்தார். வயது 28. அதற்கு முந்தைய ஆண்டு, 1864 அக்டோபரில், பெரும்புயல் ஒன்று கல்கத்தாவைப் புரட்டிப் போட்டிருந்தது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் பயம் ஊரைவிட்டுப் போகாத நேரம். லஃபோன் பள்ளி மொட்டைமாடியில் தற்காலிகமாக ஒரு வானிலைக் கூடத்தை அமைத்துக்கொண்டு தினமும் பாரமானியைப் பார்த்துக் குறித்துவந்தார். 1867 நவம்பரில் பாதரசம் மளமளவென இறங்குவதைக் கண்டதும் புயல் வருகிறது என்று அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார். முன்னெச்சரிக்கையால் பல உயிர்கள் பிழைத்தன. வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத வாத்தியார்! அதற்குப் பிறகு அவர் பேச்சை ஊரே கேட்டது.

அவர் பாடம் நடத்திய முறைதான் முக்கியம். கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய் என்று விடாமல் கருவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் காட்டுவார். அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்த்த மாணவர்களில் ஒருவர் ஜகதீஷ் சந்திர போஸ். இயற்பியல்மேல் போஸுக்கு ஆசை பிறந்தது அங்கேதான். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியபோது அவருக்குத் தோள்கொடுத்தவர் இதே லஃபோன். பல ஆண்டுகள் அங்கே போய்ப் பொதுமக்களுக்கு விரிவுரை ஆற்றினார்.

பௌபஜார் 210ஆம் எண் என்றதும் வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், 1907இல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தவர், டிராமில் போகும்போது அந்தக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கி உள்ளே போனாரே, அதே கட்டடம்தான். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு வெளிப்பட்டதும் அங்கேதான். 1930இல் நோபல் பரிசும் வந்தது. லஃபோன் 1908இல் டார்ஜிலிங்கில் காலமானார். இருவரும் சந்தித்தார்களா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. அவர் போட்டுவைத்த மணையில் நம்மவர் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அடுத்தவரை உலகமே அறியும். ஆனால் வாத்தியாரம்மாவாக அறிந்தவர் குறைவு. ஸ்கோப்யேயில் பிறந்த ஆக்னஸ், அயர்லாந்தில் சில வாரம் ஆங்கிலம் படித்துவிட்டு, கொழும்பு, சென்னை வழியாகக் கப்பலில் வந்து 1929 ஜனவரி 6 அன்று கல்கத்தாவில் இறங்கினார். வழியில் சென்னைத் தெருக்களில் கண்ட வறுமை அவரை உலுக்கிவிட்டது. 1931 மே மாதம் டார்ஜிலிங்கில் முதல் வார்த்தைப்பாடு முடித்து, தெரசா என்ற பெயருடன் எண்டாலியில் உள்ள செயின்ட் மேரீஸ் பள்ளிக்கு வந்தார். வங்காளி வழிப் பள்ளி. இவருக்குத் தாய்மொழி அல்பேனிய மொழி. ஆங்கிலமே இரவல், அதற்குமேல் வங்காளியில் பூகோளமும் சரித்திரமும் நடத்த வேண்டும்! சபையில் இன்னொரு தெரசா இருந்ததால் இவரை 'பெங்காலி தெரசா' என்றே அழைத்தார்கள். அந்த அளவுக்குப் பிள்ளைகளின் மொழிக்குள் போய்விட்டார்.

மதிலுக்கு வெளியே செயின்ட் தெரசா பள்ளிக்கும் நடந்துபோய்ப் பாடம் எடுத்தார். முதல்நாள் போனபோது அறை குப்பையும் தூசியுமாகக் கிடந்தது. கையை மடித்துக்கொண்டு, தண்ணீரும் விளக்குமாறும் தேடியெடுத்து, தாமே பெருக்கிக் கழுவத் தொடங்கினார். ஆசிரியை துடைப்பம் பிடிப்பதைப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. திகைத்து நின்றவர்கள் பிறகு தாங்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். இதை நான் என் மகளிடம் சொன்னபோது, "அவங்க பேசலப்பா, பெருக்கினாங்க" என்றாள். எனக்குத் தோன்றாத கோணம்.

இந்த இரண்டு கதையையும் படித்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. லஃபோனுக்கும் தெரசாவுக்கும் பின்னால் ஒரு மடம் இருந்தது. சாயங்காலம் திரும்பிப் போனால் சோறு உண்டு, கூடப் படுத்து எழும் சகோதரர்கள் உண்டு, 'எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான்' என்று சொல்ல மூத்தவர் உண்டு. இன்று அதே பள்ளிகளில் கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் துறவியர் அல்லர். நம்மைப்போல் இந்துக்கள், முஸ்லிம்கள், சமணர்கள், குடும்பஸ்தர்கள். வேலை அதே வேலை, வகுப்பு அதைவிடப் பெரிய வகுப்பு. மடம் மட்டும் இல்லை. பேருந்தில் நின்றுகொண்டே வீடு வந்தால் அங்கே என்னைப்போல் ஓர் அப்பன் சம்பளக் கணக்குச் சொல்கிறான்.

தெரசா அம்மையாரே இரண்டாம் முறை புதிய ஆசிரியை ஆனபோது மடம் இல்லாமல்தான் ஆனார். 1948 ஆகஸ்டில் லொரேட்டோவை விட்டு வெளியேறி, அந்த டிசம்பரில் மோதிஜீல் சேரியில் ஒரு மரத்தடியில் ஐந்து பிள்ளைகளை உட்கார வைத்தார். பலகை கிடையாது. மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கைகொடுத்த பின்தான் அது பள்ளி ஆனது. எண்டாலியில் அவர் பாடம் நடத்திய இடத்துக்கும் இந்தச் சேரிக்கும் நடுவே ஒரு மதில்தான், என்ன.

கல்வெட்டை விடுகிறேன் என்று சொன்னேனே, ஒன்றே ஒன்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் வந்தவாசி வட்டாரத்தில் வேடல் என்ற ஊர் இருக்கிறது. பழம்பெயர் விடால். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆதித்த சோழன் காலத்தில், அங்கே கனகவீரக் குரத்தியார் என்ற சமண ஆசிரியை இருந்தார். குரத்தி என்றால் பெண் குரு. ஐந்நூறு மாணாக்கியர் அவரிடம் இருந்தனர். பள்ளியில் ஒரு பெரிய பூசல் எழுந்தபோது, குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்துச் சோறிடும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டார்கள் என்று பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷமாக இந்தக் கல்வெட்டைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவன் நான். என் வீட்டிலேயே ஒரு குரத்தி அழுதுகொண்டு நின்றபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

மகள் வேலையை விடவில்லை. அதற்கு நான் காரணம் அல்ல. மூத்த ஆசிரியை ஒருவர் தினமும் அரைமணி நேரம் தம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் அவளை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பருவம் முடிவதற்குள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இப்போது அவளுடைய பிரிவில் புதிதாய்ச் சேருகிற பெண்களுக்கு அவள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் இடம்.

ஜூலையில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். ஆசன்சோலிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிறாள். காலையில் கடை திறக்கப் போகும் முன்பு நான்தான் சாப்பாட்டு டப்பா கட்டுகிறேன். இரண்டு டப்பா.