தீயைக் காணும் கண்

வன்னியில் நெல் விளைத்து வாழ்ந்தோருக்குக் காவற்கொட்டிலைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் கதிர் முற்றும் நாட்களில், யானையும் பன்றியும் வயலில் இறங்காதிருக்க, இரவு முழுவதும் தீ மூட்டி விழித்திருத்தல் பழைய வழக்கம். வயலைத் தீ காத்தது. தீயை மனிதன் காத்தான். அவன் கண்ணயர்ந்த வேளையில் தீ நூர்ந்துபோனால் அதனை அறிவிக்க வேறெவருமில்லை.

1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்கு மண்ணெண்ணெய் செல்வது கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் இக்காவல் வீட்டுக்குள்ளும் வந்தது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சையிட்டு, அதில் ஊறிய சில துளி எண்ணெயில் திரியை எரித்துப் பிள்ளைகள் பாடம் படித்தனர். போத்தல் சரியாமலும் திரி கருகாமலும் தாயொருத்தி அருகிருந்து பார்த்தாள். போத்தல் விளக்குச் சரிந்து தீப்பட்டோர் இலங்கையெங்கும் பலர். அவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த சத்திர வைத்தியர் விஜய கொடகும்புர என்பார், உருளாத தட்டைப் பக்கங்களும் திருகுமூடியும் உடைய குட்டையான கண்ணாடி விளக்கொன்றை அமைத்தார். ‘சுதீப’ என்னும் அவ்விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கு விழுந்தாலும் வீடு எரியாதிருக்க வேண்டும் என்பதே அவர் கொண்ட நோக்கம்.

2009இன் பின்னர் மீள்குடியேறிய ஊர்களில் விறகடுப்பின் பக்கத்தில் வாயுச் சிலிண்டரும் இடம்பெறலாயிற்று. வாயுத் தீயின் குணம் வேறு. விறகுத் தீ நூர்ந்தால் ஊதி மூட்டிக்கொள்ளலாம். வாயுவின் சுவாலை நூர்ந்தாலோ, சுவாலை இல்லாமலே வாயு வந்துகொண்டிருக்கும். நாம் அடுப்புக்கு வாங்கும் திரவ பெற்றோலிய வாயு காற்றினும் பாரமானது. கூரை வழியே வெளியேறாமல் தரையிற் படிந்து தேங்கும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் வாயு அடுப்புகள் வெடித்தபோது, சிலிண்டரில் அடைத்த வாயுக் கலவை மாற்றப்பட்டமையே முதன்மைக் காரணமென்று விசாரணைக் குழு கூறிற்று. அவ்விபத்துகள் சுவாலை நூர்ந்ததால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் வெளியேறிய வாயு என்ன செய்யும் என்பதை மக்கள் அந்நாட்களில் நேரே கண்டுகொண்டனர்.

எனவே, சுவாலை உண்டா இல்லையா என்று ஓயாது நோக்கி, இல்லையெனில் வாயுவின் வழியை அடைக்கும் காவலாளி ஒருவன் வேண்டும். அவனைத் தேடிய வரலாறு சுவையானது.

முதலில் சுவாலையே சாட்சியாக நின்றது. 1815இல் சேர் ஹம்பிரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கென அமைத்த விளக்கில், நுண்ணிய கம்பிவலைக்குள் சுடர் எரிந்தது. சுரங்கத்தில் எரிவாயு கலந்தால் சுடர் நீண்டு அதன்மேல் நீலமுடி ஒன்று தோன்றும். அதையும் பார்ப்பதற்கு மனிதக் கண்ணே வேண்டியிருந்தது.

1821இல் பேர்லினில் சீபெக் என்னும் அறிஞர், இருவேறு உலோகங்களை இணைத்து ஓரிணைப்பைச் சூடாக்கியபோது அருகிலிருந்த திசைகாட்டி முள் அசையக் கண்டார். அது காந்தத்தின் விளைவு என்றே அவர் எண்ணினார். மின்னோட்டமே காரணம் என்பதைப் பிறர் தெளிவுபடுத்தினர். அவ்விணைப்புத்தான் வெப்பவிணை எனப்படும். சுவாலையில் நிற்கும் அதன் நுனி, ஒரு வோல்ற்றின் நூறில் சில பங்கு மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். அச்சிறு மின்சாரம் ஒரு மின்காந்தத்தை இயக்கி வாயுவின் வால்வைத் திறந்தபடி பிடித்திருக்கும். சுவாலை நூர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், இணைப்புத் தளர்ந்தாலும் வால்வு தானே மூடிக்கொள்ளும். காவலாளி செத்தால் கதவு அடைபடும் என்னும் இந்த ஏற்பாட்டிலேயே அதன் பெருமை இருக்கின்றது. குறை ஒன்று உண்டு: நுனி ஆறுவதற்கு அரை நிமிடம் வரையிற் செல்லும். வீட்டடுப்புக்கு அது போதும். பெருமளவு வாயு பாயும் உலைக்குப் போதாது.

அதற்கு வேறொரு வழி பிறந்தது. சுவாலையில் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் உண்டு. ஆகவே அது மின்னைக் கடத்தும். ஓர் உலோகக் கோலைச் சுவாலையில் நிறுத்தி, மின் பாய்கின்றதா என்று பார்த்தாற் போதும் எனத் தோன்றும். ஆனால் ஈரம்பட்ட கரியும் மின்னைக் கடத்துமே! சுவாலை இல்லாத வேளையிலும் அது பொய்ச்சாட்சி சொல்லிவிடும். இதற்குக் கண்ட பரிகாரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கோலைச் சிறிதாகவும், எதிர்நிற்கும் எரிவாயின் பரப்பைப் பெரிதாகவும் வைத்து, ஆடலோட்டத்தைச் செலுத்தினர். கரி இரு திசையிலும் ஒத்தபடி மின்னை விடும். சுவாலையோ ஒரு திசையில் மிகுதியாகவும் மறுதிசையில் மிகக் குறைவாகவும் விடும். அந்த ஒருதிசை ஓட்டம் ஓர் அம்பியரின் பத்து இலட்சத்தில் சில பங்கே ஆயினும், கரியால் அதைப் போலிசெய்ய இயலாது.

இத்தகைய காவல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வன்னிக்குப் பழக்கமான ஒரு தொழிலையே சான்று காட்டலாம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் எழுந்து, 1980களின் நடுவில் போரினால் நின்றது. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் அங்கே பெறப்பட்டன. உப்புக் கரைசலை மின்னாற் பகுக்கும்போது ஐதரசனும் உடன் வெளிப்படும். இவ்வகைத் தொழிலில் ஐதரோகுளோரிக்கமிலம் ஆக்குவதற்கு ஐதரசனைக் குளோரினில் எரிப்பர். அங்கே சுவாலை நூர்ந்து இரண்டும் கலந்து நின்றால், வெடிப்பதற்குத் தீப்பொறியும் வேண்டியதில்லை. வலிய ஒளியே போதும்.

இனி, நமது பேக்கரிப் போறணைகளுக்கு வருவோம். வாயுவில் எரியும் போறணையில் சுவாலைக்கோல் இருப்பின், அதன்மேல் நாளடைவில் மெல்லிய வெண்படலம் படியும். அப்படலம் மின்னைத் தடுப்பதால், நன்றாய் எரியும் சுவாலையும் கருவிக்குத் தெரியாமற் போகும். பாண் வேகுமுன் போறணை நின்றுவிடும். வாயுவை அடைத்து, மின்னைத் துண்டித்து, ஆறவிட்டு, மிக நுண்ணிய கம்பிச்சுருளால் கோலை மெதுவாகத் துடைத்தாற் பெரும்பாலும் குணமாகும். கரடான உப்புத்தாள் ஆகாது. அது விட்ட கீறலில் அழுக்கு மேலும் விரைவாய்ப் பற்றும். கோலைத் தாங்கும் பீங்கானில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்று எரிவாயின் புவித்தொடுப்பைத் துருப்பிடிக்கச் செய்யும். அத்தொடுப்பு வழியாகவே அந்த நுண்ணோட்டம் திரும்புகின்றது.

அடிக்கடி நின்றுவிடும் போறணையால் எரிச்சலுற்று, காவற்கருவியைக் கம்பியாற் பிணைத்து, எப்போதும் “தீ உண்டு” என்று சொல்லும்படி செய்துவிடுவோர் உளர். விடியுமுன் பாணைக் கடைக்கு அனுப்ப வேண்டியவனின் அவசரம் நமக்கும் விளங்குகின்றது. ஆனால் அன்றிரவு அந்தப் போறணையின் அருகே நிற்பவனும் அவனே.

மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கியில் ஓடும்போது மட்டும் போறணை அணைகின்றதாயின், கோலைத் தேய்த்துப் பயனில்லை. சிறு மின்பிறப்பாக்கிகள் பலவற்றில் நடுநிலைக் கம்பி புவியுடன் இணைக்கப்படாதிருக்கும். நுண்ணோட்டம் திரும்பிச் செல்ல வழியிராது. அவ்விணைப்பை மின்வினைஞர் ஒருவரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும்.