சின்ன வீட்டுக்குச் சுவர் மேசை

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகளில் அலுவலகத்துக்கெனத் தனி அறை ஒதுக்குவது எளிதல்ல. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, சாப்பாட்டு மேசையே பலருக்கு அலுவலகமானது. 2023 ஜனவரி 1 முதல், வீட்டிலிருந்து வேலை செய்யத் தொழிலாளர்கள் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் உட்கார இடம் வேண்டுமே!

சுவரில் பொருத்தி மடிக்கும் மேசை இதற்குக் கைகொடுக்கும். வேலை முடிந்து மடித்துவிட்டால் கூடம் மீண்டும் பிள்ளைகளுக்கு. பலகை 60 செ.மீ. அகலமாவது இருந்தால்தான் கணினித் திரையைக் கையெட்டும் தூரத்தில் வைக்க முடியும். உயரம் சுமார் 73 செ.மீ. போதும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரே பாதுகாப்பு. மெல்லிய தடுப்புச் சுவரில் வெறும் திருகாணி எடை தாங்காது. மரத்தூள் பலகை ஈரம் பட்டால் உப்பும், பிளைவுட் நீடிக்கும். வாடகை வீடென்றால், துளையிடும் முன் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.