மெஸ்மரின் மரத்தொட்டி

மெஸ்மரிசம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கு நினைவில் எழுவது மேடையில் நிற்கும் வித்தைக்காரனும், அவன் கையசைவிலே துயிலில் ஆழும் சிறுவனுமே. அச்சொல் ஒரு வைத்தியரின் பெயரிலிருந்து பிறந்தது என்பதும், அவர் மேடையேறி வித்தை காட்டியவரல்லர், முறைப்படி பயின்று பட்டம் பெற்றவர் என்பதும் அத்துணை பரவலாக அறியப்பட்டவையல்ல.

அன்ரன் மெஸ்மர் 1734ஆம் ஆண்டிலே கொன்ஸ்ரன்ஸ் ஏரிக்கரையிலுள்ள சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். 1766இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். கோள்கள் மனித உடலிற் செலுத்தும் ஆதிக்கமே அவரது ஆய்வுரைக்குப் பொருளாயிற்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருளொன்று பிரபஞ்சமெங்கும் நிறைந்து ஓடுகின்றது. உடலில் அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய். தடையை நீக்குவதே வைத்தியம். இதுவே அவர் கொள்கை. தொடக்கத்திற் காந்தக் கற்களைப் பயன்படுத்தியவர், பின்னர் தமது கையே போதுமெனக் கண்டார். அவ்வாற்றலுக்குச் சீவகாந்தம் என்று பெயருமிட்டார்.

வியன்னாவில் அவரது புகழை உயர்த்தியதும் வீழ்த்தியதும் ஒரே நோயாளிதான். மரியா தெரேசியா பரடிஸ் சிறு வயதிலேயே பார்வையிழந்தவர்; பியானோ வாசிப்பதில் வல்லவர். 1777இல், பதினெட்டு வயதளவில், அவர் மெஸ்மரின் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றார். பார்வை ஓரளவு திரும்பியதென்றார் மெஸ்மர். இல்லையென்றனர் மற்றை வைத்தியர்கள். ஒளி கண்ட பின்னர் அப்பெண்ணின் விரல்கள் வாத்தியத்திலே தடுமாறின என்று, அவள் தந்தையின் பெயரால் மெஸ்மர் வெளியிட்ட குறிப்பொன்று கூறுகின்றது. பெற்றோர் மகளை வலிந்து அழைத்துச் சென்றனர். மெஸ்மரும் வியன்னாவை விட்டகன்று, 1778 பெப்ரவரியிற் பாரிஸ் நகரை அடைந்தார்.

நோயாளரைத் தம் வாயிலுக்கு வரச் செய்யும் கலையை மெஸ்மர் நன்கறிந்திருந்தார் என்பதற்குப் பாரிஸ் வாழ்க்கையே சான்று. அவர் முதலிலே தேர்ந்தது செல்வர் வாழும் வென்டோம் சதுக்கம். சிகிச்சை மண்டபத்தின் நடுவே, மூடியிட்ட ஓக் மரத்தொட்டியொன்று இருந்தது. அதனுள் நீரும், போத்தல்களும், இரும்புத் தூளும். மூடியின் துளைகளினூடே வளைந்த இரும்புக் கம்பிகள். நோயாளர் சுற்றியமர்ந்து, கம்பியை நோவுள்ள இடத்திற் பொருத்திக்கொள்வர். ஒரு கயிறு எல்லோரையும் இணைத்திருக்கும். மெல்லிய வெளிச்சத்திலே இசை ஒலிக்க, மெஸ்மர் பட்டங்கியணிந்து உலாவுவார். ஒருவர் அழுவார், ஒருவர் வலிப்புற்று விழுவார். விழுந்தோர்க்கென மெத்தைகள் விரித்த அறையொன்று தனியே இருந்தது. ஏழைகள் மரமொன்றில் கட்டிய கயிறுகளைப் பற்றிக்கொண்டு, கட்டணமின்றியே அவர் ஆற்றலைப் பெறலாம் என்றிருந்தது. அச்செயலில் இரக்கம் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று.

1779இல் அவர் வெளியிட்ட நூல் தமது கொள்கையை 27 கூற்றுக்களாக வகுத்துரைத்தது. செய்முறையை மாத்திரம் மறைத்தே வைத்தது. 1781இல் அரசு ஆண்டுக்கு 20,000 லீவர் ஆயுட்கால உபகாரமும், மனைக்கென மேலும் 10,000 லீவரும் தர முன்வந்தது. ஆனால், அரசு அனுப்பும் மாணாக்கருக்குக் கற்பிக்க வேண்டுமென்ற நிபந்தனையும் இருந்தது. மெஸ்மர் மறுத்துவிட்டு, அரசி மரி அந்துவானெத்துக்கே கடிதம் வரைந்தார். 1783இல் அவருடைய அடியார்கள் 'ஒத்திசைவுச் சங்கம்' அமைத்தனர். தலைக்கு 100 லூயிப் பொன், அதாவது 2,400 லீவர், செலுத்தி, இரகசியம் காப்பதாக உறுதியுரைத்தவர்க்கே போதனை. தளபதி லஃபாயெத்தும் உறுப்பினரானார். பணம் செலுத்தி முடித்த பின்னர், கொள்கை உலகத்தாருக்கே உரியதென்றனர் சிலர். தமக்கே உரியதென்றார் மெஸ்மர். அப்பிணக்கிலே சங்கம் பிளவுற்றது.

இதற்கிடையே, 1784இல் மன்னர் பதினாறாம் லூயி விசாரணைக் குழுவொன்றை நியமித்தார். பெஞ்சமின் பிராங்கிளின், இரசாயன அறிஞர் லாவோசியே, வானியலார் பெய்லி ஆகியோர் அதில் இருந்தனர். குழு ஆராய்ந்தது மெஸ்மரையன்று. அவருடைய மாணாக்கரான வைத்தியர் டெஸ்லோனின் சிகிச்சையையே. பிராங்கிளினின் பாசித் தோட்டத்திலே டெஸ்லோன் வாதுமை இனப் பழமரமொன்றிற்குச் சீவகாந்தம் ஊட்டினார். கண்கட்டப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் மரம் மரமாக அழைத்துச் செல்லப்பட்டான். நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். அஃது ஊட்டப்பட்ட மரமன்று. ஊட்டப்பட்ட மரத்தை அவன் அணுகவேயில்லை. நுண்பொருள் எதுவுமில்லை, நிகழ்ந்தவை யாவும் கற்பனையின் விளைவே என ஓகஸ்ட் மாதம் குழு அறிக்கை விடுத்தது.

குழுவின் முடிவு சரியே. ஆயினும், அதற்கு டெஸ்லோன் எழுப்பிய வினாவும் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. கற்பனையால் நோயைத் தணிக்க முடியுமாயின், அக்கற்பனையை மருந்தாகக் கொள்ளலாகாதா என்பதே அவ்வினா. 100 லூயிக்கு விற்கப்பட்ட இரகசியம் பொய். தொட்டியைச் சுற்றியிருந்தோரின் அழுகையும், அதன்பின் சிலர் அடைந்த ஆறுதலும் பொய்யல்ல. எதனை விற்கிறோமென்பதை விற்றவரே அறியாதிருந்தார்.

அதே ஆண்டில் பரடிஸ் பாரிசுக்கு வந்து இசை நிகழ்ச்சிகள் நடாத்திப் பெரும் பாராட்டுப் பெற்றார். பார்வையற்றவராகவே வாசித்தார்.

மெஸ்மரின் தொட்டி மறைந்தபோதும் அவர் தொட்ட வினா மறையவில்லை. கோவாவிற் பிறந்த அபே ஃபாரியா என்னும் பாதிரியார் 1813இற் பாரிஸிலே, ஆற்றல் வைத்தியரின் கையிலன்று, துயில்பவரின் உள்ளத்திலேயே உள்ளதெனப் பலர் முன்னிலையில் விளக்கினார். 1840களில் ஜேம்ஸ் பிரெய்ட் அத்துயிலுக்கு 'ஹிப்னாட்டிசம்' எனும் பெயரை வழங்கினார். வங்காளத்தின் ஹூக்ளியிலே 1845 முதல் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் வைத்தியர், மெஸ்மரின் முறையால் நோயாளரைத் துயிலச் செய்து சத்திரசிகிச்சைகள் நடாத்தினார்.

மெஸ்மரோ தமது ஏரிக்கரைக்கே திரும்பி, 1815 மார்ச் மாதம் மேர்ஸ்பூர்க் நகரில் உயிர்நீத்தார். அதற்கு முந்திய ஆண்டிலே, பெர்லின் வைத்தியர் வொல்பார்ட் அவர் கொள்கையைத் தொகுத்து ஒரு பெருநூலாக வெளியிட்டார். அந்நூலிலும் கண்ணுக்குப் புலனாகாத அந்நுண்பொருள் அவ்வண்ணமே ஓடிக்கொண்டிருந்தது.