விழுந்தவர் பெயர் தெரியும், முதலாளி யார்?



‘சாரம் சரிந்து தொழிலாளி பலி’ என்று நாளிதழின் ஒரு மூலையில் செய்தி வருகிறது. அந்த வாக்கியத்தில் குற்றவாளி சாரம்தான். இறந்தவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் அச்சாகும். சாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டியவர் யார், அந்தக் கட்டடத்தால் லாபம் பெறுபவர் யார் என்பது அச்சாகாது. வழக்குப் பதிவானால் மேஸ்திரியோடும் தள பொறியாளரோடும் பெரும்பாலும் நின்றுவிடும்.

சட்டம் இல்லாததால் இப்படி நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையல்ல. முதலாளி யார் என்ற கேள்விக்குச் சட்டம் நூறாண்டுகளுக்கு முன்பே விடை சொல்லத் தொடங்கிவிட்டது. அந்த விடையை மறைத்து நிற்பது நடுவில் வைக்கப்பட்ட ஆள். அவரை நடுவில் வைக்கும் வழக்கத்தைச் சாதிச் சமூகம் வெகுகாலமாக அறியும்.

பண்ணையாளிடம் வேலை வாங்கக் காரியக்காரர் இருந்தார். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்களை அழைத்துப் போனவர் கங்காணி. கடன் கங்காணியின் கணக்கில், லாபம் துரையின் கணக்கில். இன்று சித்தாளாக, சென்ட்ரிங் ஆளாக நகரத்துக்கு வரும் நிலமற்ற தலித், பழங்குடிக் குடும்பத்தாருக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்களுக்கும் தெரிந்த ஒரே முதலாளி, கூட்டிவந்த மேஸ்திரி. நடுவில் ஆள் வைப்பதால் கூலி குறைகிறது. அதோடு பழியும் கீழே இறங்குகிறது.

சட்டத்தின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1837இல் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து காயமடைந்தார். முதலாளி பொறுப்பல்ல என்றது நீதிமன்றம். உடன் வேலை செய்பவரின் தவறால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற கோட்பாடு அந்த வழக்கிலிருந்து வளர்ந்தது. தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்ற வாதமும் அதோடு சேர்ந்துகொண்டது. பசியால் வேலைக்கு வந்தவரின் வருகையே ஆபத்துக்கான சம்மதமாக எழுதப்பட்டது.

இந்தியாவில் இந்தச் சுவரில் முதல் விரிசல் 1923இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். முதலாளியின் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம் என்றது அது. அதன் 12ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. தன் தொழிலைச் சார்ந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும், அந்த ஆட்களுக்கான இழப்பீட்டை முதன்மை முதலாளியே தர வேண்டும். பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1938இன் முதலாளிகள் பொறுப்புச் சட்டம் ‘உடன் வேலையாள்’ வாதத்தையும் விலக்கியது.

ஆனால் இழப்பீடு வேறு, குற்றம் வேறு. குற்றவியல் சட்டத்தில் முதலாளிக்கான கதவு திறந்தே இருந்தது. 2024 வரை நடைமுறையில் இருந்த 304ஏ பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்றிருந்தது. 1960களில் குர்பான் உசேன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பம்பாயில் வண்ணப்பூச்சு ஆலை ஒன்றில் தீப்பிடித்து 7 தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். மரணத்துக்கு நேரடிக் காரணம் ஊழியர் ஒருவரின் செயலே என்று சொல்லி, ஆலையின் மேலாளரான பங்குதாரரை 304ஏ குற்றத்திலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. தீ தொடர்பான சிறு குற்றம் மட்டும் நிலைத்தது. ‘நேரடிக் காரணம்’ என்று தேடினால் கடைசியாகக் கை வைத்தவர்தான் எப்போதும் அகப்படுவார். கடைசியாகக் கை வைப்பவர் எப்போதும் தொழிலாளியே.

இதற்கு எதிர்த்திசையில் வந்தது 1982இன் ஆசிய விளையாட்டுத் தீர்ப்பு. டெல்லியில் அரங்கங்களும் மேம்பாலங்களும் எழுந்தன. நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமாதார் 1 ரூபாய் பிடித்துக்கொண்டார். ஜமாதார் என்பவர் நம் மேஸ்திரிதான். ஒப்பந்தக்காரர்கள் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அரசுத் தரப்பு ஒதுங்க முடியாது என்றார் நீதிபதி பகவதி. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றார். பசி தரும் நிர்ப்பந்தமும் நிர்ப்பந்தமே என்று ஏற்றார். 1837இன் ‘தெரிந்துதானே வந்தாய்’ என்ற வாதத்துக்கு இதுவே சரியான பதில்.

அந்தத் தீர்ப்பில் நாம் அடிக்கோடிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. தனியாருக்கு எதிராகவும் செல்லுபடியாகும் அடிப்படை உரிமைகள் என்று 17, 23, 24ஆவது பிரிவுகளை அது ஒரே வரிசையில் வைத்தது. தீண்டாமை ஒழிப்பும், கட்டாய உழைப்புத் தடையும், ஆபத்தான வேலைகளில் குழந்தைகளுக்கு விலக்கும் ஒரே வரிசையில். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்தவர். சேரியையும் வேலைத்தளத்தையும் அவர் இரண்டாகப் பார்க்கவில்லை.

கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் நீண்ட போராட்டத்தால் 1996இல் தனிச் சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் இழப்பீடு தரத் தவறினால் முதலாளி தர வேண்டும் என்றது. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியே நீதிமன்றத்தில் குற்றப் புகார் தரலாம் என்றும் சொன்னது. ஆனால் பாதுகாப்பு விதியை மீறினால் என்ன தண்டனை? 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாப்பு வலை கட்டும் செலவைவிட அபராதம் மலிவாக இருந்தது.

2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இடி விழுந்தது என்ற பேச்சுகூட எழுந்தது. அன்று உரிமையாளர் தரப்பும் கைதானது. 61 உயிர் ஒரே இடத்தில் போனால் மேலே உள்ளவர் கண்ணுக்குத் தெரிகிறார். ஒவ்வொருவராக விழுந்தால் தெரிவதில்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். இது முன்னேற்றம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் எல்லை 20 ஆளிலிருந்து 50 ஆளாக உயர்ந்துவிட்டது. ஆட்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒப்பந்தம் விட்டால் போதும், நடுவில் இருக்கும் ஆள் இன்னும் பெருகுவார்.

ஆகவே ஒரு மரணம் நேரும்போது நம் முதல் வேலை, முதல் தகவல் அறிக்கையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது. மேஸ்திரி பெயர் மட்டும் இருந்தால் திட்ட அனுமதி யார் பெயரில், ஒப்பந்தம் யாரோடு, பாதுகாப்புப் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். மாலையும் இரங்கல் சுவரொட்டியும் பிறகு வரட்டும். முதலாளியின் பெயர் காகிதத்தில் ஏறும்வரை காவல் நிலையத்தை விட்டு நகராதீர்கள்.