முகத்தில் இறங்கும் ஊசியும் மரப்பின் வரலாறும்

ஒடுங்கிய கன்னத்தை நிரப்பவும், உதட்டைச் சற்றுப் பருக்கச் செய்யவும் இன்று இடப்படும் ஊசிகளை ‘ஃபில்லர்’ என்று அழைக்கின்றனர். கூழ் போன்ற ஒரு பொருள் தோலுக்கடியில் செலுத்தப்படுகிறது. இப்போது புழங்கும் ஊசிக்குழல்கள் பலவற்றில் அக்கூழோடு மரப்பு மருந்தும் கலந்தே வருகிறது. இது படிப்படியாக அடைந்த முன்னேற்றம் போலத் தோன்றும். உண்மை வேறு. அமெரிக்காவில் முதன்முதலில் ஒப்புதல் பெற்ற ஃபில்லரிலேயே மரப்பு மருந்து இருந்தது. பின்னர் வந்து சந்தையைக் கைப்பற்றியதில் இல்லை. சில ஆண்டுகள் கழித்தே அது திரும்பி வந்தது.

கதை தொடங்குவது வியன்னாவில். 1884இல் அந்நகரப் பொது மருத்துவமனையின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், நாவை மரக்கச் செய்யும் கோகெயின் கண்ணையும் மரக்கச் செய்யுமா என்று வினவினார். முதலில் தவளையின் கண்ணில் அதன் கரைசலை விட்டுப் பார்த்தார்; பின்னர்த் தம் கண்ணிலேயே விட்டுக்கொண்டு ஊசித்தலையால் தொட்டுப் பார்த்தார். வலி இல்லை. செப்டம்பரில் ஹைடல்பெர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டுக்குச் செல்ல அவரிடம் வழிச்செலவுக்குப் பணமில்லை. அவருடைய கட்டுரையை வேறொருவர்தான் படித்தார். பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், 1899இல், அதே நகரில் ராபர்ட் கெர்சுனி என்னும் அறுவை மருத்துவர் உடலின் குறையொன்றை நிரப்ப வாசலைனை ஊசிவழிச் செலுத்தினார். அடுத்து வந்தது பாரஃபின் மெழுகு. உருக்கிய மெழுகை மூக்கின் பள்ளத்திலும் கன்னத்திலும் செலுத்தும் வழக்கம் ஐரோப்பாவெங்கும் பரவியது. மெழுகு வைத்த இடத்தில் நிற்கவில்லை. நகர்ந்தது, கட்டியாக இறுகியது, சில முகங்களை நிலையாகச் சிதைத்தது. பிற்பாடு வந்த திரவ சிலிகோனும் ஏறத்தாழ அதே துயரையே தந்தது. நிரப்புதலும் மரப்பும் ஒரே ஊரில் பிறந்தும், நிரப்பும் பொருளுக்குள்ளேயே மரப்பு மருந்து குடிபுக எண்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

இங்கே சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் ‘மயக்க மருந்து’ என்பதையே எல்லாவற்றுக்கும் வழங்குகிறோம். மயக்கம் வேறு, மரப்பு வேறு. அறுவைக்கு முன் மதுவை அருந்தச் செய்யும்படி சுசுருத சங்கிதை கூறுவது மயக்கம்; அறிவே மங்குகிறது. மரத்தல் என்பது ஓர் இடம் மட்டும் உணர்விழப்பது, ஆள் விழித்திருக்கிறார். பல் மருத்துவமனைகளில் ‘மரத்துப்போக ஊசி போடுவாங்க’ என்று மக்கள் சொல்வது கலைச்சொல் அகராதிகளைவிடத் துல்லியமானது. ஃபில்லருக்கு வேண்டியது இந்த மரப்புதான். அவர் நிமிர்ந்து அமர்ந்திருக்க வேண்டும். முகத்தசைகள் இயல்பாக இயங்க வேண்டும். இடையிடையே கண்ணாடியில் பார்த்துக் கருத்துச் சொல்லவும் வேண்டும். மயங்கிய முகத்தில் இவ்வேலை ஆகாது.

மரப்பை ஊசிவழி ஏற்றும் கலை முகத்திலிருந்தே வளர்ந்தது எனலாம். 1884இலேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் தம் தோழர்களோடு கீழ்த்தாடை நரம்பைக் கோகெயினால் மரக்கச் செய்தார். சோதனைகளைத் தம் உடலிலேயே செய்துகொண்டதன் விலை, அவரைப் பற்றிக்கொண்ட கோகெயின் அடிமைத்தனம். 1905இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகெயின் அந்த ஆபத்தை நீக்கியது.

அடுத்த பாய்ச்சல் பார்லிப் பயிரிலிருந்து வந்தது. 1930களில் சுவீடனில் பார்லியிலுள்ள ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்தபோது, அதன் உறவுப்பொருளொன்றைச் சுவைத்துப் பார்த்த வேதியியலாளர் ஹோல்கர் எர்ட்மனின் உதடும் நாவும் மரத்துப்போயின. வேதியியலாளர் நாவால் சோதித்த காலம் அது! அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்த நில்ஸ் லோஃப்கிரன் 1943இல் லிடோகெயினை அடைந்தார். அவருடைய இளம் உதவியாளர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தம் உடலிலேயே ஊசியாக ஏற்றிப் பார்த்தார். 1948இல் ‘சைலோகெயின்’ என்னும் பெயரில் அது சந்தைக்கு வந்தது.

1981இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த ‘சைடெர்ம்’, மாட்டுத் தோலின் கொலாஜனால் ஆனது. அதில் 0.3 விழுக்காடு லிடோகெயின் கலந்திருந்தது. ஆனால் கொலாஜன் சில மாதங்களிலேயே கரைந்தது. ஒவ்வாமைக்கு அஞ்சி முன்சோதனையும் தேவைப்பட்டது. எனவே ஹயலூரானிக் அமிலக்கூழ் வந்ததும் அது பின்னுக்குப் போயிற்று. (1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் அந்த அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தது மாட்டின் கண்ணிலிருந்து. மரப்பின் வரலாறும் கண்ணில்தான் தொடங்கியது என்பது வியப்பான ஒற்றுமை.) சுவீடனில் உருவான ‘ரெஸ்டிலேன்’ 2003 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. முன்சோதனை வேண்டியதில்லை, நீண்ட நாள் நின்றது. லிடோகெயின் மட்டும் அதில் இல்லை.

விளைவை அனுபவித்தவர்கள் உதட்டில் ஊசி ஏற்றுக்கொண்டவர்கள். உணர்நரம்புகள் அடர்ந்த உதட்டில் ஒவ்வொரு குத்தலும் கடுமையாக உறைக்கும். மருத்துவர்கள் பல் மருத்துவத்தின் பழைய வழியை நாடி, ஈறின் வழியாக முக நரம்புகளை மரக்கச் செய்தனர். வலி போயிற்று, ஆனால் மரத்த உதடு சில வேளை இயல்பாக அசையாது, இருபக்கச் சமநிலையைக் கண்ணால் அளப்பது கடினமாயிற்று. உதட்டிலேயே மருந்தை ஏற்றினால் உதடு வீங்கி, வடிவமே மாறித் தெரியும். பனிக்கட்டி வைத்தனர், அதிர்வுக் கருவியை ஊசிக்கு அருகில் பிடித்தனர். தொடுவுணர்வு வலிக்கான வழியை அடைக்கும் என்பது 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த கோட்பாடு. இடித்துக்கொண்ட குழந்தையின் முழங்காலைத் தேய்த்துவிடும் தாய்மார்க்கு அது புதிதன்று.

மரப்புக் களிம்புகளும் பெருகின. அவை தீங்கற்றவை என்ற எண்ணம் ஆபத்தானது. ரோமம் நீக்கும் லேசர் சிகிச்சைக்கு முன், செறிவு மிகுந்த களிம்பைக் கால்களில் பூசி நெகிழித்தாளால் சுற்றிக்கொண்ட 22, 25 வயதுடைய இரு பெண்கள் அமெரிக்காவில் இறந்தனர். தோல்வழி உட்புகுந்த மருந்து குருதியில் நச்சாயிற்று. 2007 பிப்ரவரியில் உணவு மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை வெளியிட்டது. அழகு தேடிய எவரும் உயிரைப் பணயம் வைப்பதாக எண்ணியிருக்க மாட்டார்.

இதற்கிடையே, ஒரே முகத்தின் ஒரு பக்கத்தில் லிடோகெயின் கலந்த கூழும் மறுபக்கத்தில் கலவாததும் செலுத்தி ஆய்வுகள் நடந்தன. கலந்த பக்கத்தில் வலி தெளிவாகக் குறைந்தது. 2010இல் முன்னணி ஃபில்லர்களின் லிடோகெயின் கலந்த வடிவங்கள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. செறிவு? அதே 0.3 விழுக்காடு. முப்பது ஆண்டுகளுக்கு முன் கொலாஜனில் இருந்த அளவு.

இப்போதும் முதல் குத்தல் உறைக்கும், அடுத்தவை தணியும். முழுமையான மரப்பை வேண்டுவோர் அறியவேண்டிய ஒன்று உண்டு. கூழ் தவறித் தமனிக்குள் புகுந்தால், அப்பகுதிக்குக் குருதி செல்லாது. தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். திடீரென எழும் கடும் வலி அதன் அறிகுறிகளுள் ஒன்று. மரத்த முகத்தில் அந்தச் சாட்சி பேசாது. ஆதலின் தேர்ந்த மருத்துவர் நோயாளியின் முனகலை மட்டும் நம்புவதில்லை. தோல் வெளிறுகிறதா என்று பார்க்கிறார். விரலால் அழுத்தி எடுத்து, குருதிச் சிவப்பு திரும்பும் நேரத்தைக் கணிக்கிறார். கூழைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் மருந்தைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருக்கிறார்.